வலிக்காத நோயும் நம் தவக்குலும்

உடலில் ஒரு வலியும் இல்லை. வேளைக்கு உண்கிறோம், உறங்குகிறோம், ஐந்து நேரமும் பள்ளிக்கு நடந்து போய் வருகிறோம். இந்நிலையில் ஒரு மருத்துவர், “உங்கள் ஈரலை ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்” என்று சீட்டு எழுதித் தருகிறார். செய்யத்தான் வேண்டுமா? அல்லாஹ் மறைத்து வைத்திருக்கும் ஒன்றை நாமாகப் போய்க் கிளறுவது தவக்குலுக்குப் பொருந்துமா? நோயைத் தேடிப்போய் வாங்கிக்கொள்வதாக ஆகாதா?

இப்படிக் கேட்பவர்களை இன்று ஒவ்வொரு ஊரிலும் காண்கிறோம். “வல்ல நாயன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்” என்று சொல்லி, அச்சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சொல்லைப் பார்த்தால் ஈமானின் சொல். ஆனால் அச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஈமான்தானா, அல்லது வேறொன்றா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் அதன் மீது ஹுக்மு சொல்லக் கூடாது என்பது மதரஸாவில் நாம் படிக்கும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. ஆகவே முதலில் ஈரலையும், அதைப் பார்க்கும் கருவியையும் விளங்கிக்கொள்வோம்.

ஊமையான ஊழியன்

வலப்புற விலா எலும்புகளுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் கல்லீரல், வளர்ந்த மனிதரிடம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். உண்ட உணவின் சர்க்கரையைச் சேமித்து வைப்பதும், வேண்டும்போது எடுத்துக் கொடுப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கான சத்துகளை உண்டாக்குவதும், நாம் விழுங்கும் மருந்துகளின் நஞ்சை முறிப்பதும் அதன் வேலைகளில் சில. இவ்வளவும் செய்கிற அவ்வுறுப்புக்கு முறையிடும் வாய் இல்லை. அதன் மேலுறைக்குத்தான் வலி தெரியும். உட்சதைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. உள்ளே புண்பட்டாலும் அது ஊமையாகவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

புண்படுவது எப்படி? கொழுப்பு மிகுதியாகப் படிவதால் இருக்கலாம். இரத்தத்தின் வழியே வரும் பி, சி என்னும் காமாலைக் கிருமிகளால் இருக்கலாம். நீண்ட காலம் உட்கொண்ட சில மருந்துகளால் இருக்கலாம். மதுவாலும் இருக்கலாம். காரணம் எதுவாயினும் ஈரல் புண்பட்டு ஆறி, மீண்டும் புண்பட்டு ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு சேரச் சேர ஈரல் இறுகுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தபின் ஈரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாகிவிடுகிறது. கண் மஞ்சளாவதும், வயிற்றில் நீர் கோப்பதும், இரத்த வாந்தி எடுப்பதும் பெரும்பாலும் அதன் பிறகுதான். நோயாளி முதன்முதலாக “எனக்கு ஏதோ செய்கிறது” என்று சொல்லும் நாள், பல சமயம் நோயின் கடைசிக் கட்டத்துக்குச் சமீபமான நாளாக இருக்கிறது.

குர்பானி கொடுக்கும் வீட்டுப் பெண்களுக்கு இறுக்கம் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளன்று முதலில் அடுப்பேறுவது ஈரல்தானே! நல்ல ஈரல் வழுவழுப்பாய், விரல் வைத்தால் அமுங்குவதாய் இருக்கும். நோய்ப்பட்ட ஈரலோ கையில் எடுத்த மாத்திரத்திலேயே கடினமாய்த் தெரியும். உயிரோடு இருக்கும் மனிதரின் ஈரலை, அறுக்காமல், குத்தாமல், அப்படி அமுக்கிப் பார்க்க வழியுண்டா என்பதே மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி.

ஊசியும் ஒலியும்

முன்பெல்லாம் ஈரலின் நிலையை உறுதியாக அறிய ஊசி குத்தி ஒரு துணுக்குச் சதையை எடுப்பதே வழி. 1883-ல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் இம்முறையைத் தொடங்கினார். 1958-ல் இத்தாலிய மருத்துவர் மெங்கினி, ஊசி ஒரு நொடி மட்டுமே ஈரலுக்குள் இருக்கும்படி அதை எளிதாக்கினார். அப்படியும் அது குத்துதானே! சிலருக்கு வலி உண்டாகும். அரிதாகச் சிலருக்கு உள்ளே இரத்தம் கசியும். அத்துடன் எடுக்கப்படும் துணுக்கு முழு ஈரலில் ஏறத்தாழ 50,000-ல் ஒரு பங்குதான். ஒரு சோற்றைப் பதம் பார்த்துப் பானையைச் சொல்லலாம். ஆனால் ஈரலின் தழும்பு எல்லா இடத்திலும் ஒரே பதமாக இருப்பதில்லை.

பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் 2001-ல் தொடங்கப்பட்ட எக்கோசென்ஸ் என்னும் நிறுவனம் வேறொரு வழியைக் கொண்டுவந்தது. லொரான் சாந்திரானும் அவருடைய தோழர்களும் 2003-ல் இம்முறையை விவரித்து எழுதினர். ஃபைப்ரோஸ்கேன் என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. நோயாளி மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். விலா எலும்புகளுக்கு இடையே குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியின் முனையை வைப்பார்கள். அம்முனை தோலின் மீது மெல்ல ஒரு தட்டு தட்டும். அத்தட்டினால் எழும் அதிர்வு ஈரலுக்குள் அலையாக ஓடும். அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் காதுக்கு எட்டாத ஒலி பின்தொடர்ந்து அளக்கும். மெத்தென்ற ஈரலில் அலை மெதுவாகச் செல்லும். இறுகிய ஈரலில் விரைந்து செல்லும். வேகம் இரு மடங்கானால் இறுக்கத்தின் எண் நான்கு மடங்காகும். இவ்வாறு 10 முறை அளந்து, அவற்றின் நடுவெண்ணை எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் 10 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. ஊசி எடுப்பதைப்போல் 100 மடங்குக்குக் குறையாத அளவு சதையை இக்கருவி பார்க்கிறது. ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்பதையும் அதே நேரத்தில் மதிப்பிட்டுச் சொல்கிறது.

இறுக்கத்தின் அளவைக் கிலோபாஸ்கல் என்னும் எண்ணில் தருவார்கள். நல்ல ஈரல் பொதுவாக 7-க்குள் நிற்கும். கொழுப்பு ஈரல் உள்ளவருக்கு 8-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. 15-க்கு மேலே போனால் நோய் முற்றியிருக்கிறது என்ற எண்ணம் பலப்படுகிறது.

எண்ணம் பலப்படுகிறது என்றுதான் சொன்னோம். உறுதியாகிவிட்டது என்று சொல்லவில்லை. வயிறு நிறைய உண்டுவிட்டுப் போய்ப் படுத்தாலே எண் கூடிவிடும். காமாலை கடுமையாக இருக்கும்போதும், இருதயம் பலவீனப்பட்டு ஈரலில் இரத்தம் தேங்கும்போதும் எண் கூடும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அளக்கவே இயலாமற் போகலாம். அன்றியும், இறுக்கம் எவ்வளவு என்பதைத்தான் கருவி சொல்லும். அது எதனால் வந்தது என்பதைச் சொல்லாது. கிருமியா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் மருத்துவர்தான். ஃபிக்ஹின் மொழியில் சொன்னால், ஸ்கேன் தருவது யகீன் அல்ல, ளன்னு. ஆனால் பலமான ளன்னைக் கொண்டு அமல் செய்வது மார்க்கத்தில் புதியதன்று. வழி தெரியாத இடத்தில் கிப்லாவின் திசையை இயன்றவரை ஆராய்ந்து, மிகைத்த எண்ணத்தின் மீது தக்பீர் கட்டுகிறோம் அல்லவா?

தவக்குல் எங்கே நிற்கிறது?

இனி மஸ்அலாவுக்கு வருவோம். வைத்தியம் செய்துகொள்வதை ஷாஃபிஈ இமாம்கள் முஸ்தஹப்பு என்றும், ஹனஃபி இமாம்கள் ஆகுமானது என்றும் எழுதியிருக்கிறார்கள். தவக்குலுக்கும் மருந்துக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தலைசிறந்தவர்கள். இஹ்யாவில் தவக்குலைப் பற்றிய பகுதியில், தீங்கை நீக்கும் காரணங்களை அவர்கள் மூன்றாக வகுக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர்போலப் பலன் உறுதியானது ஒரு வகை. வைத்தியர்களின் மருந்துபோலப் பலன் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுவது இரண்டாம் வகை. வெறும் ஊகத்தில் நிற்பது மூன்றாம் வகை. உறுதியானதை விடுவது தவக்குலே அன்று. உயிருக்கு அச்சம் இருக்கும்போது அதை விடுவது ஹறாம். ஊகமானதை நாடாதிருப்பது தவக்குலுக்கு அழகு. நடுவிலுள்ள வகையைச் செய்வதும் தவக்குலுக்கு முரணாகாது, விடுவதும் தடுக்கப்பட்டதன்று.

900 ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இவ்வரிசையில் நம் ஸ்கேனை எங்கே வைப்பது? எல்லாருக்கும் ஒரே இடத்தில் வைக்க இயலாது என்பதே நம் கருத்து.

இளைஞர் ஒருவர். பருமன் இல்லை, சர்க்கரை இல்லை, இரத்தப் பரிசோதனையில் குறையும் இல்லை. ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று பணத்தைக் கட்டுகிறார். இது ஊகத்தின் பின்னால் ஓடுவது. வஸ்வாஸுக்கும் வீண் செலவுக்கும் வாசலைத் திறந்து வைப்பது. இவரிடம், ‘போய் உம் வேலையைப் பாரும்’ என்று சொல்வதே நலம்.

இன்னொருவர் ஐம்பது வயதுக் கடைக்காரர். பத்தாண்டுகளாகச் சர்க்கரை வியாதி. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். வயிறு முன்னே வந்திருக்கிறது. இரத்தத்தில் ஈரலின் கணக்குச் சரியில்லை என்று மருத்துவர் இரு முறை சொல்லிவிட்டார். இவருக்கு ஸ்கேன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது, அதிலும் மேற்படி. பி அல்லது சி கிருமி இருப்பதாகத் தெரியவந்தவருக்கும், ஈரலைப் பாதிக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவருக்கும் இப்படியே.

மூன்றாமவர், சி கிருமியும் உண்டு, ஈரலும் இறுகிவிட்டது என்று அறிந்துகொண்டவர். 2013-ன் இறுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்த மாத்திரைகள், சி கிருமியை மூன்று மாத அளவில் 100-க்கு 95 பேருக்கு மேல் முற்றாக நீக்குகின்றன. இவர் மாத்திரையை மறுத்துவிட்டு, ‘தவக்குல்’ என்று சொன்னால், தாகத்தில் நாவறண்டு கிடப்பவர் பக்கத்திலிருக்கும் தண்ணீரை மறுப்பதற்கு அது வெகு சமீபமாகிவிடுகிறது.

‘மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே, இவர்கள் எப்படி அறிவார்கள்?’ என்று சிலர் கேட்கிறார்கள். கருவிக்கு எட்டும் ஒன்று கைபு ஆகாது. நாடியைத் தொட்டுக் காய்ச்சலைச் சொல்லும் வைத்தியர் கைபைச் சொல்லவில்லை. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத்தான் ஸ்கேன் சொல்கிறது. அம்மனிதரின் அஜல் என்றைக்கு என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. 75 என்ற எண்ணைக் கண்டவர் அல்லாஹ்வின் கிருபையால் நீண்ட நாள் வாழலாம். 5 என்ற எண்ணோடு வெளியே வந்தவர் வாசற்படியில் மவுத்தாகலாம்.

‘விதிப்படி நடக்கட்டும்’ என்போருக்கு அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களின் வரலாறு போதும். ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், ஸர்கு என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் ஸஹாபாக்களுடன் ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, திரும்பிப் போவதும் அல்லாஹ்வின் விதியின் பக்கம் போவதுதான் என்று விளக்கினார்கள். செய்தி வருவதும் விதி. செய்தி வந்தபின் செய்யும் முடிவும் விதி. நோய் விதி என்றால், 10 நிமிடத்தில் அதைக் காட்டித்தரும் கருவி நம் காலத்தில் வந்து சேர்ந்ததும் அந்த நாயனின் விதிதானே!

மிஸ்ரு தேசத்தின் பாடம்

எகிப்து என்னும் மிஸ்ரு தேசத்தில் நடந்ததை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. நைல் நதிக் கரையில் வயலிலும் வாய்க்காலிலும் வேலை செய்யும் உழவர்களிடையே நத்தைகள் மூலம் பரவும் ஒரு புழு நோய் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதை ஒழிப்பதற்காக 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை அரசாங்கமே ஊர் ஊராக ஊசி போட்டது. ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சரிவரச் சுத்தம் செய்யாமலே அடுத்தவருக்கும் போட்டார்கள். சி கிருமி என்று ஒன்று இருப்பதே 1989 வரை உலகத்துக்குத் தெரியாது. நோயைத் தீர்க்க வந்த ஊசியே நோயை விதைத்துவிட்டது. 2008-ல் எடுத்த கணக்கில், 15 முதல் 59 வயதுவரை உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 15 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் தடயம் இருந்தது. உலகில் வேறெங்கும் காண அரிதான அளவு அது.

2014-ல் புதிய மாத்திரைகள் அங்கே வந்தன. அமெரிக்காவில் 84,000 டாலர் விலை சொல்லப்பட்ட மருந்தை எகிப்து அரசாங்கம் பேரம் பேசி 900 டாலருக்கு வாங்கியது. அப்படியும் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க இயலாத நிலை. யாருக்கு முதலில் கொடுப்பது? பணக்காரருக்கா, பதவியில் இருப்பவருக்கா? ஈரல் மிகவும் தழும்பேறியவருக்கு முதலில் என்று முடிவு செய்தார்கள். அவர் யார் என்பதைக் காட்டித்தந்தவற்றில் இந்த ஸ்கேனும் ஒன்று. பின்னர் 2018 அக்டோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை, ஏழே மாதங்களில், ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு விரல்நுனி இரத்தத்தில் சோதனை செய்தார்கள். நோய் கண்டவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தார்கள். 2023 அக்டோபரில், அந்நோயை ஒழிக்கும் பாதையில் எகிப்து எட்டிய நிலையை உலக சுகாதார நிறுவனம் தங்கத் தரம் என்று அறிவித்தது.

சோதனைக்கு வரிசையில் நின்ற அக்கோடிக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் தவக்குலைக் கைவிட்டவர்களா? அல்ல. அன்றியும், ஈரல் கெட்டுப்போன அவ்வுழவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சிறுவயதில் அரசாங்கம் அழைத்தபோது கையை நீட்டினார்கள்; அவ்வளவுதான். இந்தக் கேள்வியே நம்மை அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோகிறது. சீட்டை மடித்துப் பையில் வைப்பதன் உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது.

சீட்டு ஏன் பைக்குள் போகிறது?

நம் மஹல்லாக்களில் ஒருவருக்கு இருதயக் கோளாறு என்றால் இரக்கப்படுகிறோம். சர்க்கரை என்றால், ‘யாருக்குத்தான் இல்லை’ என்கிறோம். ஈரல் என்று ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் மட்டும் பேச்சு வேறு விதமாகத் திரும்புகிறது. “அவருக்கு ஈரலாமே! வெளிநாட்டில் இருந்தபோது பழக்கம் இருந்திருக்குமோ?” என்று கலியாண வீட்டுப் பந்தியிலேயே ஒருவர் தொடங்குவார். “வெளியிலே தொழுகை, உள்ளே என்னவோ!” என்று இன்னொருவர் முடித்துவைப்பார். அவருடைய மகளுக்கு வந்த சம்பந்தம் பதில் சொல்லாமல் நின்றுவிடும். தம் வாழ்நாளில் ஒரு துளியும் தொடாத மனிதர், தம்மைப் பற்றி இவ்வாறு பேசப்படும் என்பதற்காகவே ஸ்கேனுக்குப் போகாதிருக்கிறார். கேட்டால் தவக்குல் என்கிறார். உண்மையில் அது மனிதர்களின் நாவைப் பற்றிய பயம். பயம் தவக்குலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

இச்சந்தேகம் மருத்துவத்தின் பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுப்பினால் வரும் ஈரல் நோயை முன்பு ‘மதுவினால் அல்லாத கொழுப்பு ஈரல்’ என்றே அழைத்தார்கள். குடிக்காதவனின் நோயைச் சொல்லும்போதும் குடியின் பெயரைச் சொல்லியே தொடங்க வேண்டியிருந்தது! அப்பெயர் நோயாளிகளுக்கு இழிவாகப் படுவதையும் ஒரு காரணமாகக் கொண்டு, 2023-ல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி அதை மாற்றிவிட்டன. உடல் உணவைச் செலவழிக்கும் முறையில் ஏற்படும் கோளாற்றோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்ற பொருளில் இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் தங்கள் ஏட்டில் திருத்திவிட்டார்கள். நாம் நம் நாவில் திருத்தினோமா?

இன்று இந்நோய்க்குப் பெரும் காரணங்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. நெய்யும் இறைச்சியும் மிகுந்த விருந்து, சர்க்கரை அள்ளிப் போட்ட தேநீர், நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை ஓயாத பொரித்த பண்டங்கள், கூப்பிடு தூரத்துக்கும் வண்டி. இந்திய அரசாங்கம் 2021-ல் இந்நோயைச் சர்க்கரை, இருதய நோய் ஆகியவற்றைத் தடுக்கும் தன் தேசியத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. தடை செய்யப்பட்ட பானத்தால் அல்ல, ஆகுமான உணவை அளவின்றி உண்பதாலேயே ஈரல் கெடுகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து விரல் நீட்டும் நாம் நம் தட்டை அல்லவா பார்க்க வேண்டும்!

ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஒரே வசனத்தில் அல்லாஹ் மூன்று செயல்களை அடுத்தடுத்துத் தடுத்திருக்கிறான்: தவறான எண்ணம், துருவித் துருவி ஆராய்வது, புறம் பேசுவது. ஈரல் நோயாளியைச் சுற்றி இம்மூன்றும் அதே வரிசையில் நடப்பதைப் பாருங்கள். முதலில் எண்ணம், பிறகு, “எந்த ஆஸ்பத்திரி? எந்த டாக்டர்? சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?” என்ற துருவல், பிறகு பந்திப் பேச்சு. துருவாதே என்று மார்க்கம் தடுத்தது பிறருடைய குறைகளை. நம்முடைய உடலோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னது நாம் அறிந்ததே. நாமோ எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டோம். பார்க்க வேண்டிய நம் ஈரலைப் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாத அடுத்தவர் ஈரலுக்குள் ஸ்கேன் இல்லாமலேயே நுழைந்து பார்க்கிறோம்.

குடித்தவராகவே இருந்துவிட்டால்? அப்போதும் ஹுக்மு மாறாது. ஒருவர் ஒரு காலத்தில் தவறினார், பின்பு தவ்பாச் செய்தார். அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தை ஊரார் முன் அவர் திறந்துகாட்டத் தேவையில்லை. ஆனால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அது பாவத்தைப் பகிரங்கப்படுத்துவதன்று. மருந்து சரியாக அமைவதற்கான செய்தி. இன்னும் விட முடியாமல் தவிப்பவரும், ஸ்கேனில் தம் ஈரலின் நிலையைக் கண்ட பிறகாவது திரும்பக்கூடும். அந்த வாசலை நம் ஏளனத்தால் அடைத்துவிட்டால், மறுமையில் கேள்வி அவரிடம் மட்டுமே இருக்கும் என்று நாம் நினைத்துவிடலாகாது.

வீட்டாருக்குச் சில மஸ்அலாக்கள்

ஸ்கேனுக்குக் குறைந்தது 3 மணி நேரம் முன்பிருந்தே ஒன்றும் உண்ணாதிருக்கச் சொல்வார்கள். ஆகவே ரமலான் பகலில் நோன்போடே போய்ச் செய்துகொள்ளலாம். தோலின் மீது தடவும் களிம்பினாலோ, உள்ளே செல்லும் ஒலியினாலோ நோன்பு முறியாது. திறந்த துவாரத்தின் வழியே ஒரு பொருள் உட்சென்றால்தான் முறியும். களிம்பைத் துடைத்துக் கழுவிவிட்டால் போதும். அதனால் உளூவும் முறியாது. பெண்களுக்குப் பெண்ணே இதைச் செய்ய வசதி இருக்குமானால் அவ்விடத்தைத் தேட வேண்டும். இல்லாதபோது, தேவையான இடம் மட்டும் திறந்து, கணவனோ மஹ்ரமோ உடனிருக்கச் செய்துகொள்வதற்குத் தடையில்லை. கர்ப்பமாக இருப்பவர்களும், இருதயத்தில் கருவி பொருத்தியவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வந்த முடிவு ஓர் அமானிதம். நோயாளியின் அனுமதியின்றி அதைப் பிறருக்குச் சொல்வது மோசடியாகும். ஆனால் இரத்தப் பரிசோதனையில் பி கிருமி இருப்பதாகத் தெரிந்தால், அதை மனைவியிடம் மறைப்பது ஆகாது. அது இல்லறத்தின் மூலமும் பரவக்கூடியது. தடுப்பூசி போட்டு வீட்டாரைக் காத்துக்கொள்ளவும் கூடியது. தன்னைப் பற்றிய அறிவு பிறர் உயிரைக் காக்குமாயின், அதைத் தேடுவது தன் விருப்பத்தை மட்டும் பொறுத்த காரியமன்று.

கொழுப்பு ஈரல் என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். உடல் எடையில் 100-க்கு 7 முதல் 10 பங்கு குறைத்தாலே ஈரலின் வீக்கம் தணிகிறது. 10 பங்குக்கு மேல் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பும் குறைந்திருக்கிறது. 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைக்க வேண்டும், அவ்வளவே. பள்ளிக்கு நடந்து போவதும், வயிற்றில் ஒரு பகுதியைக் காலியாக விடும் சுன்னத்தைப் பேணுவதும் இதற்குப் பெரும் உதவி. இவ்விஷயத்தில் பாதி மருந்து தாய்மார்களின் அகப்பையில் இருக்கிறது.

ஆகவே, தக்க காரணத்தோடு மருத்துவர் எழுதிய சீட்டைப் பைக்குள் மடித்து வைப்பது தவக்குல் அல்ல. போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு, வரும் முடிவை நாயனிடம் ஒப்படைப்பதே தவக்குல். அவ்வாறு போய் வருகிறவரிடம், “உடம்பு எப்படி இருக்கிறது? துஆச் செய்கிறோம்” என்பதைத் தவிர வேறொரு கேள்வியும் கேட்காதிருப்பது நம் அனைவர் மீதும் உள்ள கடமை. ஒருவர் தம் நோயைக் காலத்தில் அறிந்துகொள்ளாமல் மாண்டுபோனார் என்றால், அதில் அவருடைய அச்சம் எவ்வளவு, நம்முடைய நாவு எவ்வளவு என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அமானிதமாகத் தந்த உடலைப் பேணும் தவ்ஃபீக்கையும், அடுத்தவர் மானத்தைக் காக்கும் நாவையும், நோயுற்ற யாவருக்கும் பூரண ஷிஃபாவையும் வல்ல நாயன் தந்தருள்வானாக. ஆமீன்.